ஒரு இழைகூட அறுபடவில்லை

அந்தக் காலத்தில் கிணற்றில் குதித்தோம், தேருக்கு முன்னால் ஓடினோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது என்று என் வயதுக்காரர்கள் பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனவர்கள் பேச வருவதில்லை. ஆகாதவர்கள்தான் பந்தியில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

சென்ற தை மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். எனக்கு எதிர் இலையில் எங்கள் பழைய தெருக்காரர் ஒருவர். ஒரு காலத்தில் தறி நெய்தவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரனிடம் அளந்துகொண்டிருந்தார்.

“நாங்கல்லாம் உன்ன மாதிரியாடா? ஹெல்மெட்டு, பெல்ட்டு, ஒரு மண்ணும் கெடையாது. ஒருவாட்டி தெருவுல பட்டுப்பாவு கட்டிக்கினு இருக்கோம். கோயில் காளை மெரண்டு ஓடியாருது. இன்னா பண்ணோம் தெரியுமா? எல்லாம் ஒரே மூச்சுல பாவைத் தலைக்கு மேல தூக்கிட்டோம். காளை அடியில பூந்து அந்தாண்ட போயிடுச்சு. ஒரு இழைகூட அறுபடல!”

“யாருக்கும் அடிபடலையா தாத்தா?”

“ஒரு பொண்ணுக்குக் கால்ல கொஞ்சம்.”

கொஞ்சம். “அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கான்னாவது தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டேன்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். “அட, நீயாம்மா! உன் சேக்காளிதானே அவ? அவ போயிட்டாளே, ஆரணியில. ரெண்டு வருசம் இருக்கும். உனக்கு யாரும் சொல்லலையா?” என்றவர், திரும்பி, “தம்பி, ரசம் இந்தப் பக்கம்!” என்று கை காட்டினார்.

யாரும் சொல்லவில்லை. சொல்கிறேன் என்று சொன்னவளே அவள்தான்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. “ஏய் பேயி” என்பார்கள். பெற்ற அம்மாவே அப்படித்தான் கூப்பிட்டாள். என்னைவிட ஒரு வயது பெரியவள். ஒல்லி. முன்பல் பாதி உடைந்திருக்கும். கோயில் குளத்துப் படியில் ஈரத்தோடு ஓடி விழுந்தபோது உடைந்தது அது. அந்த இடுக்கு வழியாக எச்சிலைப் பீச்சித் துப்பி, எவ்வளவு தூரம் போகிறது என்று எங்களைப் பார்க்கச் சொல்வாள். பாவாடையை எப்போதும் தூக்கி இடுப்பில் செருகியிருப்பாள். எந்த நேரம் எங்கே ஏற வேண்டி வருமோ என்பது போல.

எதிலும் அவள்தான் முதலில். நான், என் தம்பி, தெருவில் இன்னும் சில பிள்ளைகள், எல்லோரும் பின்னால் நிற்போம். மதில் மேல் நடக்க வேண்டுமா, குளவிக் கூட்டைக் கலைக்க வேண்டுமா, ஓடுகிற பஸ்ஸின் பின் ஏணியில் தொற்ற வேண்டுமா, எங்களைப் பின்னால் தள்ளிவிட்டு ஒரே வார்த்தைதான் சொல்வாள். “நான் போறேன். செத்தா சொல்றேன்.”

சொல்லிவிட்டுப் போவாள். போய்விட்டு வருவாள். பிறகு நாங்கள் போவோம். அவள் உயிரோடு திரும்பி வந்த இடத்துக்கெல்லாம் நாங்களும் போகலாம் என்பது எங்கள் சட்டம். இதை வீரம் என்று நான் எழுத மாட்டேன். அவளுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாத பிள்ளையைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் தெருவில் பெரியவர்கள் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் சந்தோஷமாக இருந்தோம். அதை மறைத்தால் பொய்.

செவிலிமேட்டுப் பக்கம் அப்போது முழுக்கக் கழனி. ஒரு பம்புசெட்டுக் கிணறு இருந்தது. கோடை விடுமுறையில் அங்கேதான் கிடப்போம். மற்ற பிள்ளைகள் படியில் பாதி இறங்கிக் குதிப்பார்கள். அவள் மோட்டார் ரூம் கூரையில் ஏறிக் குதிப்பாள். கூரைக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்குத் தரை இருந்தது. அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். குறைந்தால் தரைதான்.

கழனிக்காரர் மாட்டுக் குச்சியோடு ஓடி வருவார். “ஏ நெசவுத்தெருப் பசங்களா! செத்துக்கித்துத் தொலைச்சீங்கன்னா நான்தான்டா ஸ்டேசனுக்கு அலையணும்!”

கிணற்றுக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும். “நீ அலைய வேணாம் ரெட்டியாரே! செத்தா நானே வந்து சொல்றேன்!”

அவர் சிரித்துவிடுவார். மோட்டாரைப் போட்டுவிட்டு, குழாயில் விழுகிற தண்ணீரில் எங்களை நிற்க விடுவார். எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். கற்றுக்கொடுத்தாள் என்றால், இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட்டு, நடுக்கிணற்றில் வைத்து முடிச்சை அவிழ்த்துவிட்டாள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். திட்டிக்கொண்டே நீந்திக் கரை சேர்ந்தேன். “பாத்தியா, வாய் மட்டும் மெதக்குதுடி உனக்கு” என்றாள்.

வைகாசித் தேர் வரும்போது இன்னொன்று. இழுக்கிறவர்கள் முன்னால் போய்க்கொண்டிருக்க, வடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் புகுந்து மறுபக்கம் ஓட வேண்டும். தேர் ஓடிக்கொண்டிருக்கும்போதே. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆள் அவளைப் பின்னலைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஓர் அறை விட்டார். எங்களிடம் வந்தபோது கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. அதைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. “தொட்டுட்டேன்டி. சக்கரம் சூடா இருக்குது. மோந்து பாரு” என்று கையை நீட்டினாள். கையில் கருகிய எண்ணெய் வாசனை அடித்தது. நாங்கள் ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்தோம்.

பாலாற்று மணலில் சுரங்கம் தோண்டி இடுப்பு வரைக்கும் உள்ளே போனாள் ஒருமுறை. மேல்மணல் சரிந்துவிட்டது. வெளியே தெரிந்த கால்கள் இரண்டையும் பிடித்து இழுத்துப்போட்டோம். வாயெல்லாம் மணல். கண்ணைத் திறந்ததும் அவள் கேட்டது, “அடுத்தது யாருடி?”

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பட்டுச் சேலைக்கு நீளவாட்டில் ஓடுகிற இழைகளைப் பாவு என்போம். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன் விடியற்காலையில் தெருவில் இழுத்துக் கட்டுவார்கள். எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. உள்முனையில் குளத்து மதில். மதிலோரம் ஒரு கல்தூண், தெரு வாயில் ஒரு கல்தூண். இரண்டுக்கும் நடுவில், தெருவின் முழு நீளத்துக்கும் பாவு நிற்கும். பெரியவர்களின் இடுப்பு உயரத்தில், கவைக்கம்புகள் தாங்க, ஒரு பாய் அகலத்துக்கு விரித்துக் கஞ்சி தெளித்து, அறுந்த இழையைத் தேடித் தேடி முடிவார்கள். வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அதுவரைக்கும் தெருவில் வண்டி கிடையாது, ஆட்டம் கிடையாது. எதிர்வீட்டுக்குப் போக வேண்டுமானால் குனிந்து அடியில் நுழைந்து போக வேண்டும். தலை படக்கூடாது. வளையல் படக்கூடாது. நடக்கக் கற்றுக்கொண்ட உடனே எங்களுக்கெல்லாம் குனியக் கற்றுக்கொடுத்தார்கள்.

ஒருமுறை குனிந்து போகும்போது என் ஜாக்கெட் கொக்கியில் ஓர் இழை மாட்டி அறுந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவள் முகம் வெளுத்துப் பார்த்தேன். யாரும் பார்ப்பதற்குள் எச்சில் தொட்டு இரண்டு முனையையும் திரித்து முடிந்துவிட்டாள். என்னைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போய், “அறிவு இருக்குதாடி உனக்கு? சோறுடி அது!” என்று என் கையைக் கிள்ளினாள். தேர்ச்சக்கரத்தைத் தொட்டுவிட்டுச் சிரித்தவள். ஒரு இழைக்கு அழுதாள்.

ஆனால் அந்தப் பாவுக்கு அடியிலும் எங்களுக்கு ஓர் ஆட்டம் இருந்தது. மதிலோரத் தூணிலிருந்து தெரு வாய்த் தூண் வரைக்கும் பாவுக்கு அடியிலேயே குந்தினாற்போல் ஓட வேண்டும். முதுகு உரசாமல், தலை தூக்காமல். பெரியவர்கள் பார்த்தால் குச்சியால் காலில் அடிப்பார்கள். அதனால் அவர்கள் தேநீர் குடிக்கிற நேரமாகப் பார்த்து ஓடுவோம். அவள் கிளம்புமுன் பின்னலைச் சுருட்டிக் கட்டுவாள். காதுத் தோடு இரண்டையும் கழற்றி வாய்க்குள் போட்டுக்கொள்வாள். தோட்டில் இழை மாட்டிவிடும் என்று. வாய்க்குள் தோட்டை வைத்துக்கொண்டு பேச முடியாது. அதனால் அந்த ஆட்டத்துக்கு மட்டும் “செத்தா சொல்றேன்” கிடையாது. கையை மட்டும் ஆட்டுவாள்.

அன்றைக்கு அவள் அப்பாவின் பாவு. அவள் மதிலோரத் தூணிலிருந்து அடியில் ஓடி வந்துகொண்டிருந்தாள். நான் தெரு வாய்த் தூணருகே அவள் வந்து சேர்வதைப் பார்க்க நின்றிருந்தேன். பெரிய தெருவில் ஒரு சாவு ஊர்வலம் போனது. வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். வீட்டுக்கு வீடு பழமும் அகத்திக்கீரையும் தின்று திரிகிற கோயில் காளை, அந்தச் சத்தத்தில் மிரண்டு எங்கள் தெருவுக்குள் திரும்பியது. எனக்கு ஒரு முழம் தள்ளித்தான் போனது. நான் கத்தினேன். என் கத்தல் யார் காதிலும் விழவில்லை. தெரு முழுக்க “பாவு! பாவு!” என்று கத்திக்கொண்டிருந்தது.

தேநீர்க் குவளைகளைப் போட்டுவிட்டு ஆண்கள் பாய்ந்தார்கள். ஒருவர் தூணில் கயிற்றைத் தளர்த்தினார். மற்றவர்கள் ஆளுக்கொரு கவைக்கம்பைப் பிடித்துப் பாவைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். அவள் அப்பா நடுவில் நின்று தூக்கினார். பட்டு அப்படியே வானத்தில் போய் நின்றது. அடியில் தெரு காலியாக இருந்தது. தெரு நடுவில் அவள் மட்டும் குந்தியிருந்தாள்.

அவள் எழுந்திருக்கலாம். எழுந்து ஓரமாக ஓடியிருக்கலாம். மோட்டார் ரூமிலிருந்து குதிக்கிறவளுக்கு அது ஒரு தாவல். எழுந்திருக்கவில்லை. சத்தம் கேட்டதும் இன்னும் தாழ்ந்து, இரண்டு கையாலும் தலைமயிரை அமுக்கிக்கொண்டாள். தன் முதுகுக்கு மேல் பாவு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் அறுந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேலே இருந்தது வெறும் காற்று.

காளை அவள் மேல் போனது.

அவள் அலறவும் இல்லை. வாயில் தோடு இருந்தது. அவள் அம்மா ஓடி வந்து தலையைத் தூக்கி மடியில் வைத்தபோது, முதலில் தோடு இரண்டையும் அம்மாவின் உள்ளங்கையில் துப்பினாள். பிறகுதான் அழுதாள். ஆண்கள் பாவை இறக்கித் தூணில் கட்டிவிட்டு வந்தார்கள்.

வலது முழங்கால். எலும்பு கட்டுகிறவரிடம் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளையும் பச்சிலையும் வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது. முட்டி மடங்கவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் மடங்கவில்லை.

தெருவில் என்ன பேச்சு தெரியுமா? ஒரு இழை அறுபடவில்லை என்பதுதான் பேச்சு. வெளியூர் நெசவாளர்கள் வந்தால் அந்த இடத்தைக் காட்டிச் சொன்னார்கள். அந்தப் பாவு சேலையாகி எவளுடைய கல்யாணத்துக்கோ போனது.

நான் தினமும் அவள் வீட்டுக்குப் போவேன். காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து, நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். தறிக்குழியில் கால் வைத்து மிதிக்க முடியாது, அதனால் நூல் சுற்றக் கொடுத்துவிட்டார்கள். ஒருநாள் அவள் அப்பா வேலையை விட்டு எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். குடிக்க மாட்டார், பிள்ளைகளை அடிக்க மாட்டார்.

“காளையப் பாத்தேன்மா. பாவைப் பாத்தேன். உன்னப் பாக்கலம்மா. சத்தியமா பாக்கல” என்றார்.

அவள் நூல் சுற்றுவதை நிறுத்தவில்லை. “விடுப்பா. நானா இருந்தாலும் அதத்தான் தூக்கியிருப்பேன்” என்றாள்.

அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்த் தறியில் உட்கார்ந்தார். எனக்குத்தான் அந்த வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் எடுத்துத் தெருவில் வீச வேண்டும் போல இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அந்தக் கோடையில் அவள் இல்லாமல் நாங்கள் கிணற்றுக்குப் போனோம். மேட்டில் நின்று தண்ணீரைப் பார்த்தோம். என் தம்பி, “நீ மொதல்ல குதி” என்றான். “நீ குதிடா” என்றேன். மற்றப் பிள்ளைகளும் அதையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கழனிக்காரர் வந்து பார்த்தார். “எங்க அந்த வாயாடி?” என்று கேட்டார். சொன்னோம். போய் மோட்டாரைப் போட்டுவிட்டார். யாரும் குழாயடியில் நிற்கவில்லை. நனையாமல் திரும்பினோம்.

“குதிச்சீங்களா?” என்று அவள் கேட்டாள்.

“தண்ணி கம்மியா இருக்குதுடி.”

“பொய் சொல்லாத. உன் பாவாடை காஞ்சிருக்குது. பயந்தாங்கொள்ளி நாய்ங்களா” என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “தண்ணி எதுவரைக்கும் இருக்குது? அந்த உடைஞ்ச படிவரைக்குமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நூல் கண்டைக் கீழே வைத்தாள்.

பிறகு அவளை ஆரணியில், பெண்டாட்டி செத்துப்போன ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கால் இப்படி இருக்கிறவளுக்கு இதுவே பெரிது என்றார்கள். நான் படித்து, வேலைக்குப் போய், ஊர் ஊராக மாறி, இப்போது தனியாக இருக்கிறேன். கண் ஆபரேஷனுக்குப் போனபோது ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு அவளைத்தான் நினைத்தேன். எனக்கு முன்னால் போய்விட்டு வந்து, ஒன்றும் இல்லைடி, வா என்று சொல்ல ஆள் இல்லை. எல்லாவற்றுக்கும் நானே முதலில் போக வேண்டியிருக்கிறது.

ஆனால் எனக்கு அவளை நினைத்தாலே வருவது வேறு ஒரு காலைநேரம்.

கட்டுப் பிரித்த பிறகு அவள் மறுபடி பள்ளிக்கூடம் கிளம்பினாள். வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எங்களோடு நடக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. படிப்பெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. முதல் நாளே புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, கால் நீட்டினபடி இழுத்து இழுத்துத் தெருவுக்கு வந்துவிட்டாள். தெருவில் பாவு கட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒற்றையடிச் சந்து எதிர்ச்சாரி வீடுகளுக்கு நடுவில். நானும் தம்பியும் வழக்கம்போல் குனிந்து அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டோம். திரும்பிப் பார்த்தால் அவள் தன் வீட்டுப் பக்கமே நிற்கிறாள்.

குனிந்து பார்த்தாள். முட்டி மடங்காமல் அவ்வளவு தாழ முடியவில்லை. உட்கார்ந்து நகரப் பார்த்தாள். நீட்டின கால் கவைக்கம்பில் இடித்துவிடும் போல இருந்தது. உடனே எழுந்துவிட்டாள். சுற்றி வர வேண்டுமானால் தெரு வாய்த் தூண் வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும். அந்தக் காலோடு போய் வருவதற்குள் மணி அடித்துவிடும். ஆண்கள் பக்கத்திலேயே கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தார்கள். காளைக்காகப் பாவைத் தூக்கின அதே ஆட்கள். யாருக்கும் கை எழவில்லை. தூக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை.

“தூக்கச் சொல்லுடி உங்கப்பாவ!” என்று நான் கத்தினேன்.

“கஞ்சி காயலடி. இப்ப ஆட்டக்கூடாது” என்றாள். உடைந்த பல் தெரியச் சிரித்தாள். “நீ மொதல்ல போ. நான் பாவு சுருட்டினதும் வரேன்.”

நீ மொதல்ல போ. அவள் வாயில் நான் கேட்காத வார்த்தை. சந்தின் முனை வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவள் எங்களைப் பார்க்கவில்லை. குனிந்து பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியால் எதையோ தொட்டாள்.

“அப்பா, இங்க ஒண்ணு அறுந்திருக்குதுப்பா!” என்று குரல் கொடுத்தாள்.

தெருக்கோடியிலிருந்து அவர் ஓடி வந்தார்.